வடநாட்டு வேனிலில் நம் வீட்டுத் தோட்டம்



சித்திரை பிறந்ததும் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கவலைகள் தோன்றுகின்றன. ஒன்று, குழாயில் தண்ணீர் எப்பொழுது வரும் என்பது. மற்றொன்று, மாடியிலும் முற்றத்திலும் தொட்டிகளில் நிற்கும் செடிகள் ஆனி வரையில் உயிரோடிருக்குமா என்பது. நம்மில் பெரும்பாலோரது தோட்டம் மிகச் சிறியது. ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, ஒரு மல்லிகை, இடமிருந்தால் ஒரு முருங்கை. ஆயினும், இச்சிறு தோட்டம் வாடினால் நம் முகமும் வாடிவிடுகிறது. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை சமையற் பொருள் மட்டுமன்று என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தோட்டத்தை வேனிலில் காப்பது எங்ஙனம், அதற்குத் துணை நிற்கும் உள்ளூர்ச் செடி வளர்ப்போருக்கு நாம் செய்யத்தக்கது யாது என்னும் இரண்டையும் இன்று சிந்திப்போம். தில்லியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். இலக்னோ, ஜெய்ப்பூர், நாகபுரி முதலிய நகரங்களில் வாழும் அன்பர்கள் தத்தம் ஊருக்கேற்பச் சிறிது மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நாம் தெளிய வேண்டியது, இங்குள்ள வெயில் வேறு, நம் ஊர் வெயில் வேறு என்பது. தமிழகத்தில் கத்திரி வெயில் கடுமையானதுதான். எனினும் கரையோரங்களில் மாலையில் கடற்காற்று வந்து ஈரத்தைக் கொணரும். தில்லியில் வைகாசியில் வீசுவது மேற்கிலிருந்து வரும் வறண்ட அனற்காற்று. இதனை இவ்வூரார் 'லூ' என்பர். மே மாதக் கடைசியில் வரும் கொடிய ஒன்பது நாட்களுக்கு 'நௌதபா' என்று பெயரிட்டிருக்கின்றனர். அக்காலத்தில் வெப்பம் 45 பாகையை எட்டுவது அரிதன்று. இலையிலுள்ள நீரை இக்காற்று உறிஞ்சும் வேகத்திற்கு வேரினால் ஈடுகொடுக்க இயலாமற் போகிறது. தொட்டியில் ஈரமிருந்தும் இலை ஓரங்கள் தீய்ந்து போவதற்குக் காரணம் இதுவே.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் இங்கு இரவு வெப்பம் 4 அல்லது 5 பாகைக்கு இறங்கிவிடும். ஆகவே, தில்லியில் ஓராண்டு வாழும் செடி ஏறக்குறைய 40 பாகை வேறுபாட்டைத் தாங்கியாக வேண்டும். கறிவேப்பிலை குளிரில் இலையுதிர்த்து வெறுங்குச்சியாய் நிற்பதும், முருங்கை மஞ்சளித்துப் போவதும் இதனாலேதான். அவை பட்டுப்போகவில்லை, உறங்குகின்றன. மாசியில் துளிர்க்கத் தொடங்கிப் பங்குனியில் தழைத்து வரும் அந்த இளந்துளிரின் மீதே வேனிலின் முதல் அடி விழுகிறது.

இந்நிலையில்தான் செடியை எங்கே வாங்குகிறோம் என்னும் வினா எழுகிறது. நகரத்தில் விற்கப்படும் செடிகள் எல்லாம் இங்கேயே வளர்ந்தவை அல்ல. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில், இராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம் என்னும் ஊரைச் சுற்றிலும் பெரிய செடிப் பண்ணைகள் உள்ளன. புணேயிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் லாரிகளில் செடிகள் வந்து இறங்குகின்றன. அவை அழகியவை, பசுமையானவை, பூத்துக் குலுங்குபவை. ஆயின், ஈரக்காற்றில் வளர்ந்தவை தில்லியின் அனலை ஒரு நாளும் கண்டதில்லை. கைப்பேசியில் கேட்டு அட்டைப் பெட்டியில் வீட்டுக்கு வரும் செடியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது வைகாசி வெயிலில் வண்டிக்குள் இருட்டில் கிடந்து வருகிறது.

உள்ளூர்ப் பண்ணையில் விதையிலிருந்தோ பதியனிலிருந்தோ வளர்ந்த கன்று, பார்வைக்குச் சிறிது மெலிந்திருக்கலாம். ஆனால், அது ஒரு குளிர்காலத்தையாவது கண்டிருக்கும். வளர்ப்பவர் அதனைச் சிறுகச் சிறுக நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தியிருப்பார். அதன் இலை தடித்திருக்கும், தண்டு முற்றியிருக்கும். இவ்வாறு செடியைப் பழக்குவது ஒரு தொழில் நுட்பம். அதற்கு மாதங்கள் பிடிக்கும். அம்மாதங்களுக்குரிய உழைப்புக்கும் தண்ணீருக்குமே நாம் விலை கொடுக்கிறோம்.

இந்நகரத்தின் நிழலே ஒரு செடிப் பண்ணையிலிருந்து வந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுமென்று 1911-இல் அறிவிக்கப்பட்டது. அதையடுத்து, புதிய சாலைகளுக்குரிய மரக்கன்றுகளை வளர்த்தெடுக்கவும், எம்மரம் இம்மண்ணில் நிலைக்கும் என்று கண்டறியவும் ஹுமாயூன் கல்லறைக்கு அருகில் ஒரு நாற்றுப்பண்ணை ஏற்பட்டது. 'சுந்தர் நர்சரி' என்று அதனை அழைக்கின்றனர். 2018-இல் அது பொதுமக்களுக்குரிய பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று சாலைகளில் நாம் ஒதுங்கும் வேம்பும் நாவலும் புளியும் நீர்மருதும் இந்நிலத்தின் வெயிலுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்து நின்றவை. சாலைக்குப் பொருந்திய அறிவு வீட்டுக்கும் பொருந்துமன்றோ?

பண்ணைக்குச் செல்லும் தமிழன்பர்களுக்கு ஏற்படும் முதல் இடையூறு பெயர்களைப் பற்றியது. நம் கறிவேப்பிலையை இங்கே 'மீட்டா நீம்' என்பர். அதாவது, இனிப்பு வேம்பு. 'கடிபத்தா' என்றாலும் விளங்கும். குண்டுமல்லி இங்கே 'மொக்ரா', கிழக்கே செல்லச் செல்ல 'பேலா'. சாதிமல்லி 'சமேலி' ஆகிறது. பவழமல்லியை 'ஹர்சிங்கார்' என்று கேட்க வேண்டும். செம்பருத்தி 'குடஹல்'. பருப்புக்கீரை 'குல்ஃபா', தண்டுக்கீரை 'சௌலாயி', கொடிப்பசலை 'போயி'. காராமணி 'லோபியா', சுரை 'லௌகி', பீர்க்கு 'தோரி', பாகல் 'கரேலா'. வெயிற்காலத்தில் சாளரங்களில் நனைத்துத் தொங்கவிடும் 'கஸ்' நம் வெட்டிவேரே. அத்தமிழ்ச் சொல்லே ஐரோப்பிய மொழிகளிலும் அப்புல்லின் பெயராக வழங்குகிறது. பெயர் தெரிந்தால் பேச்சு பிறக்கும். பேச்சு பிறந்தால் நட்பு வளரும். நம் மொழிப் பெயரையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

இனி, வேனிலில் வளரத்தக்கவை எவை என்று பார்ப்போம். மல்லிகைக்கு வெயிலே விருந்து. குளிர் நீங்கும் தறுவாயில் கிளைகளைக் கத்தரித்துவிட்டால், பங்குனி முதல் ஆனி வரையில் அரும்பிக்கொண்டேயிருக்கும். இரங்கூன் மல்லியை இங்கே 'மதுமாலதி' என்பர். மேற்குச் சுவரில் அதனைப் படரவிட்டால் வீட்டுச் சுவரே குளிர்ந்துவிடும். காய்கறிகளில் வெண்டையும் சுரையும் பாகலும் பீர்க்கும் மாசி, பங்குனியில் விதைத்தால் வேனிலில் காய்க்கும். மீண்டும் ஆனி, ஆடியில் விதைத்தால் மழைக்காலத்தில் காய்க்கும். தில்லிப் பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாகல் வகை ஒன்றுக்குப் 'பூசா தோ மௌசமி', அதாவது இருபருவம், என்றே பெயர். அந்நிலையம் 1905-இல் பீஹாரிலுள்ள பூசா என்னும் ஊரில் தோன்றியது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின், 1936-இல் தில்லிக்கு வந்தது. ஊர் மாறியும் பழைய ஊரின் பெயரை அது விடவில்லை. புலம்பெயர்ந்த நமக்கு இது விளங்கக்கூடியதே.

வைகாசியில் புதிதாக விதைப்பதை நிறுத்திக்கொள்வது நலம். அப்பொழுதும் விதைக்கக்கூடியவை பருப்புக்கீரையும் தண்டுக்கீரையுமே. பருப்புக்கீரையின் தடித்த இலை நீரைத் தன்னுள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். அகலமான பழைய வாளி ஒன்றில் தூவினால் மூன்று, நான்கு வாரங்களில் கூட்டுக்குக் கீரை கிடைத்துவிடும். மொச்சை, அவரை ஆகியவற்றை இப்பொழுது விதைத்து, பூக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. நம் பழைய அவரை வகைகள் பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பூவைக் காணலாம்.

செடியைக் காக்கும் முறைகள் சில உள. அவற்றில் முதலாவது நீர். விடியற்காலையில் ஊற்றுவது சிறந்தது. இயலாவிடின் கதிரவன் மறைந்து தொட்டி ஆறிய பின் ஊற்றலாம். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் கைபொறுக்காச் சூடாக இருக்கும். அதனைச் செடிக்கு ஊற்றுவது வேருக்கு வெந்நீர் வார்ப்பதாகும். வாளியில் பிடித்து வைத்து, ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, அடிவரை நனையும்படி ஊற்றுதல் நன்று.

எந்த நீர் என்பதும் நோக்கத்தக்கது. தலைநகரில் தண்ணீர் முட்டுப்பாடு கடுமையாக இருக்கும் மாதங்களில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்ற எவருக்கும் மனம் வாராது. காய்கறி, அரிசி கழுவிய நீர் தாராளமாக உதவும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதனைச் சேர்த்து வைத்து மற்ற நீரோடு கலந்து ஊற்றலாம். நீர் சுத்திகரிக்கும் கருவி கழித்துவிடும் நீரிலோ உப்பு செறிந்திருக்கும். கூலரின் அடியில் தேங்கிய நீரும் அத்தகையதே. இவை தரை கழுவத்தக்கவை, கறிவேப்பிலைக்கு ஆகா. கறிவேப்பிலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாய்த் தெரிந்தால், அஃது உரக்குறைவு என்று எண்ணி மேன்மேலும் உரமிட வேண்டா. பெரும்பாலும் உவர் நீரும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் இரும்புச் சத்தை வேர் ஏற்காதபடி தடுத்துவிடுகின்றன. புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றும் நம் பாட்டியர் வழக்கம் இங்கே ஓரளவு பொருந்துகிறது; அதன் புளிப்பு மண்ணின் காரத்தைச் சற்றுத் தணிக்கும்.

இரண்டாவது, மூடாக்கு. தொட்டி மண்ணின்மீது இரண்டு விரற்கடை கனத்துக்கு உலர்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். வேம்பும் அரசும் இளவேனிலில் உதிர்க்கும் இலைகள் தெருவெங்கும் கிடக்கின்றன. அவற்றைக் கொளுத்துவதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தில்லியில் தடை விதித்தது. சட்டத்திற்கு அஞ்சிக் குப்பைக்கு அனுப்புவதைவிட, சாக்கில் நிரப்பி வீட்டுக்குக் கொணர்ந்தால், வேனிலுக்கு மூடாக்காகவும் மழைக்குப்பின் உரமாகவும் பயன்படும்.

மூன்றாவது, நிழல். பச்சை வலை கட்டலாம். அஃதின்றேல் நைந்த நாலுமுழ வேட்டி ஒன்றே போதும். மேற்கு வெயிலை மறைத்தலே இன்றியமையாதது. காலை வெயில் செடிக்கு நன்மையே. சிறு தொட்டிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கமாகக் கூட்டிவைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும். கருநிறப் பிளாஸ்டிக் பையிலுள்ள செடியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலிட்டு, அம்மணலை நனைத்து வந்தால் வேர் குளிர்ந்திருக்கும்.

நான்காவது, பொறுமை. கோடையில் வேரைக் கலைத்து வேறு தொட்டிக்கு மாற்றுதல், கடுகுப் பிண்ணாக்குப் போன்ற சூடான உரமிடுதல், வன்மையாகக் கத்தரித்தல் ஆகிய மூன்றும் ஆகா. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால், இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீச்சிக் கழுவி, சோப்பு நீரைத் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொட்டியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்காமல் வாரந்தவறாமல் கவிழ்த்துத் துடைத்தல் வேண்டும். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

இவ்வளவும் நூல்களிலிருந்து நாம் அறியக்கூடியவையே. எனினும், நம் தெருவின் மண்ணையும் நீரையும் அறிந்தவர் அருகிலுள்ள பண்ணைக்காரரே. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது, வானொலி வழியாக அதனை அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். அறிவு அங்கே வானொலியிலிருந்து வயலுக்குச் சென்றது. இங்கே நாம் எதிர்வழியில் செல்ல வேண்டியிருக்கிறது. வானொலியைக் கேட்டு முடித்தபின், எழுந்து சென்று பண்ணைக்காரரைக் கேட்க வேண்டும்.

அவருடைய வேனிற்காலம் எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். கார்த்திகை முதல் மாசி வரையில் சாமந்தியும் டேலியாவும் வாங்கக் கூட்டம் கூடும். சித்திரையில் கூட்டம் கலைந்துவிடும். ஆனால், செடிகள் விடுமுறை கொள்வதில்லை. நாளைக்கு இருமுறை நீர் வேண்டும். அந்நீரைப் பல இடங்களில் விலைக்கு வாங்க வேண்டும். நிழல் வலை கட்ட வேண்டும். அனற்காற்றில் ஒரு பகல் நீர் தவறினால் பல மாத உழைப்பு மாலைக்குள் கருகிவிடும். வரவு நின்று செலவு பெருகும் காலம் அவருக்கு இதுவே. ஒட்டுக் கட்டிய எலுமிச்சையோ பதியன் போட்ட மல்லிகையோ விற்பனைக்கு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர், தாமே வளர்ப்பதை விட்டு, லாரியில் வரும் செடியை வாங்கி விற்பவராக மாறிவிடுகிறார். ஒரு வளர்ப்பாளர் வெறும் வணிகராக மாறும்போது, இம்மண்ணுக்குப் பழகிய செடியும் அதனைப் பழக்கும் கைத்திறனும் ஒருங்கே மறைகின்றன. பிறகு நாம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவற்றை வாங்க முடியாது.

தள்ளுவண்டியில் செடி கொண்டுவருவோரையும் மறத்தலாகாது. தெரு வணிகர்களின் வாழ்வுரிமையைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டுமென்றும், கணக்கெடுப்பு முடியுமுன் வெளியேற்றலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. நம் குடியிருப்பு வாயிலில் வண்டியை நிறுத்தும் செடிக்காரரைக் காவலாளி விரட்டும்போது, குடியிருப்போராகிய நாம் ஒரு சொல் சொன்னால் அதற்குப் பயன் உண்டு.

நாம் செய்யத்தக்கவை வேறு சிலவும் உண்டு. முதலாவதாக, குளிர்காலத்தில் மட்டுமன்றி வேனிலிலும் பண்ணைக்குச் செல்வோம். மாலை வேளையில், சிறிதளவேனும் வாங்குவோம். பூத்திருக்கும் செடியை விடுத்து, புதுத்துளிர் விட்டிருக்கும் செடியைத் தேர்வோம். வாங்கியதை நாலைந்து நாள் நிழலில் வைத்துப் பின்னர் இடம் மாற்றுவோம். மழை வரும்வரை வாங்கிய பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவதாக, இது நீங்களே வளர்த்ததா என்று கேட்போம். வளர்த்தவர் முகம் அப்பொழுது மலர்வதைக் காணலாம். "பாபுஜி, இந்த மீட்டா நீமுக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று. இனி இதற்கு அச்சமில்லை" என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லே உறுதிமொழி. அத்தகைய கன்றுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேச வேண்டுவதில்லை. பெரிய கடைகளில் ஒட்டிய விலையைப் பேசாது கொடுத்துவிட்டு வரும் நாம், வெயிலில் நிற்பவரிடம் மட்டும் கணக்குப் பார்ப்பது அழகன்று.

மூன்றாவதாக, கூடிச் செயற்படுவோம். குடியிருப்பிலோ தமிழ்ச் சங்கத்திலோ பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், அகத்தி, கனகாம்பரம், முருங்கை, கறிவேப்பிலை ஆகியவற்றில் யாருக்கு என்ன வேண்டுமென்று பட்டியல் எடுத்து, வேனிலிலேயே சிறிது முன்பணம் கொடுத்து, ஆடியில் பெற்றுக்கொள்ளலாம். வரவில்லாத மாதத்தில் அம்முன்பணம் அவருக்குப் பெருந்துணை. விற்குமோ விற்காதோ என்னும் ஐயமின்றி அவர் விதையிடலாம். கறிவேப்பிலையின் கரும்பழத்தை உதிர்ந்தவுடனே விதைக்க வேண்டும். சில வாரங்களில் முளைக்கும் ஆற்றல் குறைந்துவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு மரம் பழுத்தால், பழங்களை அவரிடம் கொடுத்துவிடுவோம். ஊரிலிருந்து வரும் அவரை விதையிலும் ஒரு பிடி அவருக்கு உரியதாகட்டும். காலித் தொட்டிகளையும் பைகளையும் கழுவித் திருப்பிக் கொடுத்தால், அவருக்குச் செலவு குறையும். நகரத்தில் குப்பையும் குறையும்.

வீட்டுத் தோட்டத்தைச் சிறு பொழுதுபோக்கு என்று எள்ளுதல் கூடாது. 1950-இல் மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கிவைத்தார். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் அவ்விழா நடைபெறுகிறது. 1965-இல் உணவு முட்டுப்பாடு நேர்ந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். நாட்டின் பசி ஒரு புல்வெளியால் தீர்ந்துவிடாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும், தாம் பயன்படுத்தும் ஒரு துண்டு நிலத்துக்குத் தாம் பொறுப்பு என்பதை அவர் செயலால் காட்டினார். நமக்கிருப்பது நிலமன்று, நாலு தொட்டிகளே. பொறுப்பு என்னவோ அத்தகையதுதான்.

ஜூன் மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாகத் தில்லியை எட்டும். அதற்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. அதுவரையில் சாலையோரத்துச் சரக்கொன்றைகள் பொன்னாய்ப் பூத்துக்கொண்டிருக்கும். ஈசனுக்குரியதென்று நாம் போற்றும் கொன்றையும் இங்குள்ளோர் 'அமல்தாஸ்' என்று போற்றும் மரமும் ஒன்றே. வெயில் ஏற ஏறத்தான் அது மலர்கிறது. வரும் ஞாயிறு மாலை, வெயில் தணிந்தபின், அருகிலுள்ள செடிப் பண்ணைக்கு ஒரு முறை சென்று வாருங்கள். இரண்டு கன்றுகளை வாங்குங்கள். மழைக்குப் பின் வேண்டியவற்றுக்கு இப்பொழுதே சொல்லி வையுங்கள்.